மங்குஸ்தானுக்கு மேல் சீனி

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பஸ்ஸில் ஏறி விற்பார்கள். யாங்கோனில் பல வீடுகளில் பார்க்கலாம். எதை எதோடு சேர்த்துத் தின்றால் ஆகாது என்று ஜோடி ஜோடியாக வரைந்த படம். தர்ப்பூசணியும் முட்டையும். புறாக்கறியும் பூசணியும். மங்குஸ்தானும் சீனியும். ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே என்ன ஆகும் என்று பர்மிய எழுத்தில் போட்டிருக்கும். வாந்தி, மயக்கம், சாவு. அதற்குப் பக்கத்தில் மாற்று மருந்து.

வாங்கி வந்தவள் என் அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி, பண்டிகைக்குப் பண்டிகை இரண்டுக்கும் சேர்த்தே பொட்டு வைப்பாள். பர்மாக்காரியான என் மனைவி அதைப் பார்த்துச் சிரிப்பாள். தமிழச்சியான அக்கா அதைப் பார்க்காமல் உலை வைக்க மாட்டாள்.

அந்தப் படம் என் மனைவியைக் கொன்றிருக்கும். படம் மட்டும் என்று சொன்னால் பொய். நானும்தான்.

யாங்கோன் ஓரத்தில், நாங்கள் இருக்கும் லைங் தாயாவில் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பது என் வேலை. குழாய்க் கிணறும் இறக்குவேன். இங்கே அதற்கு அவீசி என்று பெயர். நகராட்சித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்ததே இல்லை. வரும் என்று சொன்னவர்கள் எல்லாம் கார் ஏறிப் போய்விட்டார்கள். அதனால் ஆளாளுக்கு வீட்டுக்குள் ஒரு ஓட்டை போட்டு மோட்டார் வைத்துக்கொண்டோம். எங்கள் தெருவில் பதினோரு அவீசி நான் இறக்கியது. முதலாவது என் வீட்டில்.

எங்கள் மனை இருபதடி அகலம், அறுபதடி நீளம். முன்னால் வீடு, பின்னால் கக்கூஸ். சிமெண்டு வளையங்களை மண்ணுக்குள் இறக்கி மேலே பலகை போட்ட கக்கூஸ். கிணற்றிலிருந்து அதற்கு எட்டே தப்படி. இப்போது அளந்து சொல்கிறேன். அப்போது அளக்கவில்லை. தள்ளிப் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் எந்தப் பக்கம் தள்ளினாலும் பக்கத்து வீட்டுக் கக்கூஸ் வந்து நிற்கிறது. இந்த மனையை இப்படி அளந்து கொடுத்தவனுக்கு வீட்டில் கக்கூஸே இல்லையோ என்னவோ.

அதை விடுங்கள். என் தப்பை நான் சொல்கிறேன். நாற்பதடியில் தண்ணீர் வந்ததும் நிறுத்திவிட்டேன். இன்னும் ஆழம் போயிருக்கலாம். குழாயைத் தரைமட்டத்துக்கு வெட்டினேன். சுற்றிச் சிமெண்டு மேடை கட்டவில்லை. நாளைக்குக் கட்டலாம் என்று விட்டேன், விட்டது விட்டதுதான். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போல இருந்தது. அதைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டித்தான் மற்றப் பத்துக் கிணற்றுக்கும் ஆள் பிடித்தேன். "பாருங்க, ஒரு தூசி இருக்கா?" என்று கேட்பேன். கண்ணுக்குத் தூசிதான் தெரியும். மலத்திலிருந்து வரும் கிருமி தெரியாது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் விற்றுச் சோறு தின்கிறவனுக்குத் தெரியாவிட்டால் வேறு எவனுக்குத் தெரியும்?

என் மனைவி தையல் ஃபாக்டரியில் சட்டைக்குக் காலர் வைக்கிறவள். காலையில் தெருமுனையில் ஃபெர்ரி வந்து நிற்கும். ஃபெர்ரி என்றால் படகு இல்லை, கம்பெனி பஸ். அந்தத் தெருமுனையில் அவள் ஒரு பானை மேடை வைத்திருந்தாள். மரச்சட்டம், மேலே சின்னத் தகரக் கூரை, மூன்று மண்பானை, சங்கிலியில் கட்டிய ஒரு டம்ளர். செத்துப்போன அவள் அம்மாவுக்குப் புண்ணியம் சேர வைத்தது. இந்த ஊரில் இது சாதாரணம். போகிற வருகிற யாரும் மூடியைத் திறந்து, டம்ளரை முக்கிக் குடித்துவிட்டுப் போகலாம். தினமும் காலையில் ஃபெர்ரி வருவதற்கு முன்னால் எங்கள் கிணற்றுத் தண்ணீரை இரண்டு வாளியில் தூக்கிப்போய் மூன்று பானையையும் நிரப்புவாள். சாயங்காலம் ஃபெர்ரியிலிருந்து இறங்கும் பெண்கள் வரிசையாக நின்று அதே டம்ளரில் குடிப்பார்கள்.

அந்த வருஷ மழையில் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறியது. இரண்டு நாள் நின்றது. கக்கூஸ் குழி, சாக்கடை, தெரு, முற்றம் எல்லாம் ஒரே குளம். கிணற்றுக் குழாய் அதற்குள் முழுகிக் கிடந்தது. குழாய் வாயில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தேன். வடிந்த பிறகு மோட்டாரைக் காயவைத்துப் போட்டேன். முதல் இரண்டு வாளி கலங்கலாக வந்தது, கொட்டினேன். மூன்றாவது வாளி கண்ணாடி. போதும் என்றேன்.

நாலு நாள் கழித்து மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒருத்தி தெருத் தெருவாகச் சொல்லிப் போனாள். தண்ணீரைக் கொதிக்க வையுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அரிசி கழுவிய தண்ணீர் போலப் பேதி போனால் உடனே வாருங்கள், ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து போடுங்கள் என்று. அப்போது நான் ஒரு மோட்டாரைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சத்தம் பொறுக்காமல் அதை ஓடவிட்டு அமுக்கினேன். இருந்தும் காதில் விழுந்துதான் தொலைத்தது.

மறுநாள் விடிந்தபோது என் மனைவி கக்கூஸுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஃபெர்ரி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவள் வாந்தி எடுத்ததும் அக்கா படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"நேத்து என்னடி தின்ன?"

"சோறுதான் அக்கா. எல்லாரும் தின்னதுதான்."

"வேற?"

"மங்குஸ்தான்."

"எத்தன?"

"நாலு. அஞ்சு இருக்கும்."

"அதுக்கு மேல?"

"ஃபாக்டரில டீ குடிச்சேன்."

"சீனி போட்டதா?"

அவள் பதிலுக்கு வாந்தி எடுத்தாள். அக்கா என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டியா தம்பி? படத்துல அப்பிடியே எழுதியிருக்கு. ஒரு எழுத்து மாறல."

தண்ணீராக இருக்குமோ என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. தோன்றியதை நானே அடித்துப் போட்டேன். "ஒரே தண்ணியத்தான மூணு பேரும் குடிக்கறோம்? எனக்கு ஒண்ணுமில்ல, ஒனக்கு ஒண்ணுமில்ல. மங்குஸ்தான் தின்னவ அவ ஒருத்திதான்." இதைச் சொன்னவன் நான். அக்கா இல்லை. கிணறு என்னுடையது, அதனால் குற்றம் மங்குஸ்தானுடையது ஆகிவிட்டது.

மாற்று மருந்தாகப் படத்தில் கரித்தூள் போட்டிருந்தது. அக்கா அடுப்புக் கரியை நுணுக்கி அவள் நாக்கில் தடவினாள். அதோடு விட்டாளா? "உள்ள போனது பூரா வெளிய வரட்டும். அது வரைக்கும் பச்சத் தண்ணி கூடக் கூடாது" என்று தானாக ஒரு சட்டமும் போட்டாள். என் மனைவி நாக்கை நீட்டித் தண்ணீர் கேட்டாள். கறுப்பு நாக்கு. நான் பார்த்துக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டேன். ஊரின் இன்னொரு கோடியில், மிங்கலாடோனில் ஒரு பெரிய வீட்டில் மோட்டார் நின்றுபோயிருந்தது, காலையிலேயே வரச் சொல்லியிருந்தார்கள்.

"போய்ட்டு வாங்க அக்கோ" என்றாள். அண்ணா என்று அர்த்தம். இங்கே புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

போய்விட்டேன்.

அந்த வீட்டுக்காரருக்கு மூன்று தண்ணீர்த் தொட்டி. எங்கள் தெருவுக்கே போதும். கேட்டைத் திறந்துவிட்டுக் கேட்டார்.

"சயா எங்கேருந்து வர்றீங்க?"

சயா என்றால் வாத்தியார். மெக்கானிக்கையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"லைங் தாயா."

அவர் ஒரு அடி பின்னால் போனார். "அங்க பேதி பரவுதாமே. தொட்டிக்குள்ள கைய விடாதீங்க. மோட்டார மட்டும் பாருங்க. அதுக்கும் முந்தி அந்தக் குழாய்ல சோப்புப் போட்டுக் கழுவிடுங்க."

"மோட்டாருக்குப் பேதி வராதுங்க."

உள்ளே சமையல்காரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்ல யாருக்கும் இல்லியே?"

"இல்ல" என்றேன்.

கை கழுவினேன். நாய்க்குத் தட்டு வைப்பது போல எட்ட நின்று சோப்பை நீட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டாரைப் பிரித்தேன். அடுத்த முறை வரும்போது இவன் தொட்டி மூன்றிலும் எச்சில் துப்பிவிட்டுத்தான் போவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது போன் அடித்தது. அக்கா.

"தம்பி, இவளுக்குப் போறது மலமே இல்லடா. அரிசி கழுவுன தண்ணி மாதிரி வெள்ளையாப் போவுது. நிக்கவே மாட்டேங்குது. வாளி வச்சிட்டேன்."

அரிசி கழுவின தண்ணீர். ஒலிபெருக்கிக்காரியின் அதே வார்த்தை. அக்கா அதைக் கேட்டவள் இல்லை, அன்றைக்கு அவள் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"கண்ணு எப்பிடி இருக்கு?"

"குழிக்குள்ள போயிருச்சு. கெண்டக்கால் இழுத்துக்கிட்டு கட்ட மாதிரி நிக்குது. கையில தோலக் கிள்ளிப் பாத்தேன், கிள்ளுன மாதிரியே நிக்குதுடா."

மோட்டாரைப் பிரித்தபடியே போட்டுவிட்டு எழுந்தேன். வீட்டுக்காரர் "சயா, சயா" என்று கத்தினார். "உங்க தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அந்த ஆள் என்னை அவமானப்படுத்தினான், அது உண்மை. அவன் சொன்னது சரி, அதுவும் உண்மை. இன்றைக்கும் அவனை எனக்குப் பிடிக்காது.

பஸ் நகரவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. என்னால் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முன்னால் போனேன், பின்னால் வந்தேன். கண்டக்டர் "உக்காருங்க, பஸ்ஸ நீங்களா தள்ளப் போறீங்க?" என்றான். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, தண்ணி குடு அவளுக்கு. அடுப்ப மூட்டி நல்லாக் கொதிக்க வை. குமிழி வந்தப்புறமும் ஒரு நிமிஷம் கொதிக்கட்டும். ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சீனி. ஆறவச்சுக் கொஞ்சம் கொஞ்சமாக் குடு."

"என்னது போட?"

"சீனி."

"மங்குஸ்தானுக்கு மேல சீனியா? அவளக் கொல்லப் பாக்குறியா?"

"அக்கா, அது மங்குஸ்தான் இல்ல. தண்ணி. நம்ம கிணத்துத் தண்ணி."

"ஒந் தண்ணி கண்ணாடின்னு ஊரெல்லாம் சொன்னவன் நீ. இப்ப அதுல குத்தமா? நான் இங்க கண்ணால பாத்துக்கிட்டு இருக்கேன். டீயில போட்ட சீனிக்கே இந்தக் கெதி. இன்னும் ஆறு கரண்டியா? என் கையால நான் போட மாட்டேன்."

"சொல்றதச் செய்!"

"நான் மாட்டேன்டா! நீ வந்து ஒன் கையால ஊத்திக் கொல்லு!"

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி. நான் தமிழிலும் பர்மியத்திலும் கலந்து கத்தியதில் பஸ் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் மெல்ல நழுவிப் பின்னால் போனார்கள். ஒரு அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். காற்றில் வருவதில்லை இந்த நோய், வாய் வழியாகப் போவது. அதை அவளுக்குச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பின் சீட்டில் ஃபாக்டரிச் சீருடையில் ஒரு பெண் இருந்தாள். அவள் மட்டும் நகரவில்லை.

"சயா, உங்க அக்கா படத்த நம்பறவங்களா?"

"ஆமா."

"எங்க அத்தையும் அப்படித்தான். சண்ட போட்டுப் பிரயோஜனம் இல்ல. தன்யெ போடச் சொல்லுங்க."

தன்யெ என்றால் பனங்கருப்பட்டி. இங்கே எல்லா வீட்டிலும் ஒரு டப்பா இருக்கும், சோற்றுக்குப் பிறகு ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வார்கள்.

"தன்யெ படத்துல கெடையாது. சீனிதான் இருக்கு" என்றாள் அவள். "சீனி வேலைய அது செய்யும். நுணுக்கி, அதே அளவு போட்டுக் கரைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் கூடக் கொறைய ஆனாலும் ஒண்ணுமே குடிக்காம இருக்கறதுக்கு இது மேல்."

மறுபடி அடித்தேன். இந்த முறை அக்கா எடுத்தாள். நான் கத்தவில்லை. என் வாழ்க்கையில் அக்காவிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியதே இல்லை.

"அக்கா, நீ சொன்னது சரி. சீனி வேணாம்."

"இப்ப சொல்லு."

"கருப்பட்டி போடு. படத்தப் பாரு, மங்குஸ்தானும் கருப்பட்டியும் ஆகாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. சமையலறைக்குப் போகிறாள். ஒவ்வொரு வரியாகப் படிக்கிறாள். பாலத்தில் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றன. என் மனைவி செத்துக்கொண்டிருக்கிறாள், என் அக்கா சுவரைப் படித்துக்கொண்டிருக்கிறாள், நான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"கருப்பட்டி இல்ல" என்றாள் கடைசியில். "எறாலுக்கு எதிர கூடப் போடல."

"அப்ப போடு. தண்ணியக் கொதிக்க வச்சிட்டுப் போடு. வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு மறுபடி கரண்டி கரண்டியாக் குடு. தெருமுன டீக்கடைக்காரரக் கூப்பிட்டு சைக்கா ஒண்ணு பிடிக்கச் சொல்லு. தண்ணி ஆறுன ஒடனே கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியெல்லாம் ஊத்திக்கிட்டே போ, நிறுத்தாத."

சைக்கா, பக்கத்தில் ஆள் உட்காரும் சைக்கிள் வண்டி. எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் என்றால் அதுதான்.

அந்தப் பெண் பாலத்துக்கு அப்பால் இறங்கிவிட்டாள். நன்றி சொல்லக் கூட இல்லை நான். மற்றவர்கள் எனக்கு எட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. என் மனைவியை நடுவில் ஓட்டை போட்ட கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஓட்டைக்குக் கீழே வாளி. இரண்டு கையிலும் ஊசி, மேலே இரண்டு பாட்டில், தண்ணீர் சொட்டாக இல்லை, ஒழுக்காக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. ஒரே பகலில் ஒரு ஆள் இவ்வளவு வற்றிப்போக முடியும் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அக்கா காலடியில் உட்கார்ந்து கருப்பட்டித் தண்ணீர் ஊற்றிய பழைய ஜூஸ் பாட்டிலை அணைத்துக்கொண்டிருந்தாள். பாதி காலி.

நர்ஸ் ஒருத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வயசு குறைவு, கண் இரண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"எந்தத் தண்ணி குடிக்கறீங்க?"

"அவீசி."

"கக்கூஸ்லேருந்து எவ்வளவு தூரம்?"

"தூரம்தான்."

"எத்தன அடி?"

அவள் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். நான் சொல்லாததைத்தான் எழுதியிருப்பாள்.

"ஆனா நாங்க ரெண்டு பேரும் அதே தண்ணிதானே குடிக்கறோம்? எங்களுக்கு ஒண்ணும் இல்லியே" என்றேன். காலையில் சொன்ன அதே வாக்கியம். விட மனசில்லை.

"குடிச்ச எல்லாரும் படுக்க மாட்டாங்க. நெறயப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா வயித்துல இருக்கும், வெளிய போறப்போ குழிக்குப் போவும். குழியிலேருந்து உங்க கிணத்துக்கு. உங்களுக்கு ஒண்ணும் இல்லங்கறது நல்ல சேதி இல்ல சயா. நீங்களே கொண்டு வந்து குடுத்திருக்கலாம்." பிறகு பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். "இவங்களும் உங்க தெருதானாம். தெரியுமா?"

தெரியும். ஃபெர்ரியில் என் மனைவிக்கு இரண்டு சீட் பின்னால் உட்காருகிற பெண். எங்கள் தெரு ஹாஸ்டலில் இருக்கிறாள். பானைத் தண்ணீர் குடிக்கிறவள்.

நேரம் பார்த்தேன். சாயங்கால ஃபெர்ரி திரும்பி வரும் நேரம். பானைகளில் நேற்று ஊற்றிய தண்ணீர் பாதி இருக்கும்.

ஓடினேன் என்று சொன்னால் சரியாக இருக்காது. பாதி தூரம் ஓடினேன், மீதி மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தேன். தெருமுனையில் ஃபெர்ரி நின்றிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் மேடையைச் சுற்றி நின்றார்கள். முன்னால் நின்றவள் கையில் டம்ளர். நான் அதைத் தட்டிவிட்டேன். சங்கிலியில் ஆடியது. பிறகு மூன்று பானையையும் தூக்கிக் கீழே போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. உடைக்காமல் கவிழ்த்திருக்கலாம், அவ்வளவு பொறுமை எனக்கு எங்கே?

டீக்கடைக்காரர் கடையை விட்டு வெளியே வந்தார். காலையில் என் மனைவியைக் கையில் தூக்கி சைக்காவில் வைத்தவர் அவர்தான்.

"ஏய் கலா, பைத்தியமா ஒனக்கு? செத்த பொம்பளைக்குப் புண்ணியத்துக்கு வச்ச பானை. பொண்டாட்டி ஆஸ்பத்திரில கெடக்கறா, நீ மாமியாருக்குத் தண்ணி கெடைக்காமப் பண்றியா?"

கலா என்று எங்கள் ஆட்களை இங்கே சொல்வார்கள். சில நாள் அது சும்மா, சில நாள் வசவு. அன்றைக்கு வசவு.

"இதுலதான் பீ இருக்கு" என்றேன். "என் கக்கூஸ் பீ. எல்லாரும் குடிச்சிருக்கீங்க."

பெண்கள் ஒரே சமயத்தில் பின்னால் போனார்கள். டீக்கடைக்காரர் தன் கெட்டிலைப் பார்த்தார். அதுவும் தினமும் எங்கள் வீட்டிலிருந்து அவர் பிடித்துப்போகும் கிணற்றுத் தண்ணீர்தான். கொதிக்கிற டீயால் யாருக்கும் கெடுதி வந்திருக்காது. ஆனால் கிளாஸ் கழுவும் வாளி? அவர் முகத்தில் அந்த வாளி ஓடியது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் என் மனைவி வீட்டுக்கு வந்தாள். அதற்குள் அக்காவும் நானும் ப்ளீச்சிங் தண்ணீர் போட்டுத் தரையைக் கழுவி, அவள் படுத்த துணிகளைக் கொதிக்கவைத்தோம். ஓடையில் அலசலாம் என்றாள் அக்கா. அந்த ஓடையில்தான் பாதித் தெரு பாத்திரம் கழுவுகிறது. கூடாது என்றேன். கைக்குச் சோப்பு இல்லாமல் சோற்றைத் தொடக் கூடாது என்றேன். கொதிக்காத தண்ணீர் வாய்க்குப் போகக் கூடாது, பாத்திரத்துக்குள் கையும் டம்ளரும் போகக் கூடாது, குழாய் வைத்த மூடி போட்ட டின்னில் இருந்துதான் பிடிக்க வேண்டும் என்றேன். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். செய்யவும் செய்தாள். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும் அவள் சொன்னது இது. "கருப்பட்டி போட்டதாலதான் பொழச்சா. இவன் சொன்ன மாதிரி சீனி போட்டிருந்தேன்னு வையி, அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. முட்டினால் அந்தப் படத்தின் மேல்தான் முட்ட வேண்டும்.

என் கிணற்றுக் குழாயை மூடிவிட்டேன். தூரத்தில், தெருவுக்கு மறுபக்கம் மேட்டில் இருந்த காலி இடத்தில் ஆழமாக இன்னொன்று இறக்கி, குழாயை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, சுற்றிச் சிமெண்டு மேடை கட்டினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நான் யாருக்கும் டம்ளரில் தூக்கிக் காட்டவில்லை. அதையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.

பிறகு மற்றப் பத்து வீட்டுக்கும் போனேன். நான் இறக்கிய கிணறு, நான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் கிணற்றிலிருந்து கக்கூஸ் வரை தப்படி வைத்து நடந்தேன். ஆறு, ஒன்பது, ஏழு. பத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் குளோரின் போடுங்கள், முடிந்தால் மூடுங்கள் என்றேன். சில பேர் கேட்டார்கள். சில பேர் காது கொடுக்கவே இல்லை. ஹாஸ்டல்காரர் மட்டும் கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர் கிணறு பெரியது, முப்பது பெண்கள் குடிக்கிறார்கள்.

"நீதானே நல்ல தண்ணின்னு சொல்லி இறக்கினே?"

"ஆமா."

"ஒரு பொண்ணு படுத்தா, திரும்பி வந்துட்டா. அதுவும் ஒம் பானையில குடிச்சவ. மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்குது?"

என் வாக்கியம். என் முகத்தில் திருப்பி அடித்தார். கேட்டைச் சாத்தினார். நான் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும். ஒரு நாள் நாயை அவிழ்த்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து என் மனைவி வேலைக்குக் கிளம்பினாள். ஜாக்கெட் தோளில் தொங்கியது, அவ்வளவு இளைத்திருந்தாள். கையில் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு பாட்டில். நான் தெருமுனை வரைக்கும் கூடப் போனேன். காலி மேடையைப் பார்த்தாள். உடைந்த ஓடுகளை யாரோ ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"புதுசா வைப்போம்" என்றாள். "மண்பானை வேணாம். குழாய் வச்ச டின். நான் கொதிக்க வச்சுக் கொண்டு வர்றேன். டம்ளர் கெடையாது, பாட்டில் கொண்டு வந்து பிடிச்சுக்கட்டும்."

"ஒன்னால வாளி தூக்க முடியுமா?"

"நீங்க தூக்குங்க. ஒடைச்சது நீங்கதானே."

ஃபெர்ரி வந்தது. ஹாஸ்டல் பெண்கள் ஓடிவந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவளும் இருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இனிமேல் நான் கேட்டில் போய் நிற்க வேண்டியதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குடிக்கிறவர்கள் இங்கே நிற்கிறார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தபோதே என் மனைவி படியில் ஏறி, உள்ளே பார்த்து, ஃபெர்ரி முழுக்கக் கேட்கிற மாதிரி பர்மியத்தில் சொன்னாள்.

"இந்தா நிக்கறாரே, எங்க வீட்டுக்காரர். உங்க ஹாஸ்டல் கிணத்த இறக்குனவரு இவருதான். எங்க வீட்டுதையும் இவருதான். எட்டுத் தப்படியில கக்கூஸ். என்னப் பாருங்க, எப்படி ஆயிட்டேன்னு. கொதிக்க வைக்காம ஒரு சொட்டும் குடிக்காதீங்க."

"கிணத்துக்காரர் மூஞ்சியப் பாருடி" என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் ஜன்னலுக்கு வந்து பார்த்தார்கள். சிரித்தார்கள். டீக்கடைக்காரரும் சிரித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் நகரவில்லை. எல்லோரும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளட்டும் என்று ஃபெர்ரி போகும்வரை அங்கேயே நின்றேன்.